108 படிகளும் முழங்கால் வலியும்

மதிப்பிற்குரிய ஆலோசகர் அவர்களுக்கு,

எனக்கு 49 வயது. மும்பை செம்பூரில் கணவர், கல்லூரியில் படிக்கும் மகன், என் அம்மா ஆகியோருடன் வசிக்கிறேன். கோட்டைப் பகுதியில் ஒரு காப்பீட்டு அலுவலகத்தில் வேலை. காலை நாலரை மணிக்கு எழுந்தால்தான் எட்டேகால் மணி ஹார்பர் லோக்கலைப் பிடிக்க முடியும். விளக்கேற்றும்போதே காது குக்கர் விசிலை எண்ணிக்கொண்டிருக்கிறது. பாராயணத்தைப் பெண்கள் பெட்டியில் நின்றபடி கைபேசியைப் பார்த்து முடிக்கிறேன். கடவுளுக்கென்று ஐந்து நிமிடம் நிதானமாக உட்கார்ந்து பல மாதங்கள் ஆகின்றன.

வீட்டில் யாரும் உதவுவதில்லை. அம்மாவுக்கு மறதி நோய் என்று தெரிந்த பிறகு, இரண்டு ஆண்டுகளுக்கு முன் நாகர்கோவில் வீட்டைப் பூட்டிவிட்டு அவரை இங்கே அழைத்து வந்தேன். பகலில் அவரைப் பார்த்துக்கொள்ளும் மராத்திப் பெண்மணி, மௌஷி என்றே அழைக்கிறோம், ஆறரை மணிக்கு மேல் ஒரு நிமிடம்கூட இருக்க மாட்டார். கணவர் ஒருநாள் அம்மாவுக்குக் கஞ்சி வைத்தார்; அது தண்ணீராக இருந்ததால் கொட்டிவிட்டு நானே மறுபடியும் வைக்க வேண்டியதாயிற்று. மதுரையில் இருக்கும் தங்கை, ஒரு மாதம் அம்மாவை என்னிடம் அனுப்பு என்று இரண்டு முறை வாயால் சொன்னாள். எந்த மாத்திரை எந்த வேளைக்கு என்றுகூட அவளுக்குத் தெரியாது. ஆகவே எல்லாம் என் தலையில்தான்.

மன அமைதிக்காக நான் முயலாமல் இல்லை. தியானச் செயலி ஒன்றுக்குப் பணம் கட்டினேன். கண்ணை மூடிய இரண்டாவது நிமிடமே நெஞ்சு படபடக்கிறது, எழுந்து போய் ஏதாவது பாத்திரத்தைத் துலக்குகிறேன். இகத்புரியில் பத்து நாள் விபாசனா முகாமுக்கு இடம் கிடைத்தது. அம்மாவுக்குக் காய்ச்சல் கண்டதால் போகவில்லை, மறுநாளே காய்ச்சல் விட்டுவிட்டது என்றாலும். சேடா நகர் முருகன் கோயிலுக்குச் செவ்வாய்தோறும் போய்க்கொண்டிருந்தேன். தீபாவளிக்குப் பிறகு அதுவும் இல்லை. அங்கே 108 படிகள் ஏற வேண்டும், என் முழங்கால் ஒத்துழைப்பதில்லை. தீபாவளிக்கு முந்திய வாரம் ஓர் இரவு மூன்று மணிக்கு, அம்மா படுக்கையை நனைத்துவிட்டு, நீ யார், என்னை என் வீட்டில் கொண்டு விடு என்று அழுதுகொண்டிருந்தபோது, விரிப்பை மாற்றிக்கொண்டே, இது சீக்கிரம் முடிந்துவிட்டால் தேவலை என்றுகூட எனக்குத் தோன்றிவிட்டது. தூக்கக் கலக்கம்தான், அதை விடுங்கள். நான் கேட்க வந்தது வேறு. மௌஷியும் நேரத்துக்கு இருப்பதில்லை, கணவரும் பொறுப்பெடுப்பதில்லை என்ற நிலையில், என்னைப் போன்றவர்கள் தியானத்துக்கு எப்படி நேரம் ஒதுக்குவது?

இப்படிக்கு,
பெயர் வெளியிட விரும்பாத வாசகி, மும்பை

அன்புள்ள சகோதரிக்கு,

"அதை விடுங்கள்" என்று நீங்கள் எழுதிய இடத்தை என்னால் விட முடியவில்லை. தியானத்துக்கு நேரம் கேட்கிறீர்கள். ஆனால் உங்களுக்குக் கிடைத்த நேரத்தை எல்லாம் நீங்களே திருப்பி அனுப்பியிருக்கிறீர்கள். தங்கை ஒரு மாதம் தந்தார், கணவர் ஒரு வேளையைத் தந்தார், இகத்புரியில் பத்து நாட்கள் கிடைத்தன. செம்பூர் ரயில் நிலையத்தின் நடைமேம்பாலத்தில் நாள்தோறும் ஏறி இறங்கும் முழங்கால், முருகன் முன்னால் போய் நிற்க வேண்டிய செவ்வாய்க்கிழமை மட்டும் வலிப்பதையும் கவனித்தேன். அந்த வலி பொய் என்று சொல்ல மாட்டேன். ஆனால் அது தீபாவளியை ஒட்டித் தொடங்கியதற்குக் காரணம் படிகளின் எண்ணிக்கையாக இருக்க முடியாது.

அந்த இரவில் தோன்றிய எண்ணத்தைப் பாவம் என்று நீங்களே தீர்ப்பெழுதிவிட்டீர்கள். தண்டனையையும் நீங்களே விதித்துக்கொண்டு, நாலரை மணி முதல் நள்ளிரவு வரை அதை அனுபவிக்கிறீர்கள். கஞ்சியைக் கொட்டியதும் தங்கையைத் தகுதியற்றவர் ஆக்கியதும் அந்தத் தண்டனையில் வேறு யாரும் பங்கு கேட்டுவிடக் கூடாது என்பதற்காகத்தான் என்று நினைக்கிறேன். இதில் கணவர் பக்கமும் தங்கை பக்கமும் நான் சற்றுச் சாய்ந்துதான் பேசியாக வேண்டும். உதவ வந்தவரின் கைப்பக்குவத்தைக் குறை சொல்லி அனுப்பிவிட்டு, யாரும் உதவவில்லை என்று எழுதுவது அவர்களுக்கு நியாயம் செய்வதாகாது.

மறதி நோயாளியைப் பார்த்துக்கொள்பவர்களுக்குத் துயரம் மரணத்தோடு தொடங்குவதில்லை. தாய் எதிரில் உட்கார்ந்திருக்கும்போதே, மகளை மகளென்று அறிந்த அந்தத் தாயைச் சிறிது சிறிதாக இழந்துகொண்டிருக்கிறீர்கள். அழுவதற்கு உங்களுக்கு ஒரு நாள்கூட யாரும் குறித்துத் தரவில்லை. இது முடிந்தால் தேவலை என்ற எண்ணம், இப்படிப் பராமரிக்கும் மிகப் பலருக்கு வருகிறது. என்னிடம் அதைச் சொன்னவர்கள் அநேகமாக எல்லோரும் குரலைத் தாழ்த்திக்கொண்டுதான் சொன்னார்கள். இந்த வேதனை முடிய வேண்டும் என்று விரும்புவதும் அம்மா இல்லாமல் போக வேண்டும் என்று விரும்புவதும் ஒன்றல்ல. அந்த எண்ணம் தோன்றிய கணத்திலும் உங்கள் கைகள் அவருக்கு உலர்ந்த விரிப்பைத்தான் விரித்துக்கொண்டிருந்தன.

கண்ணை மூடினால் படபடக்கிறது என்கிறீர்கள். அந்த அமைதியில் உங்களுக்காகக் காத்திருப்பது எது என்று உங்கள் உடலுக்குத் தெரியும். நாள் முழுவதும் பேச்சின்றி, கைபேசியின்றி மணிக்கணக்காக உட்கார வைக்கும் விபாசனா முகாமை இப்போதைக்கு நீங்கள் நாட வேண்டாம் என்றே சொல்வேன். வேலைகள் ஓய்ந்து, மனம் தூய்மையான பிறகுதான் இறைவன் முன் சும்மா இருக்க முடியும் என்று நாம் எண்ணிக்கொள்கிறோம். முருகன் 'சும்மா இரு' என்று உபதேசித்ததாக நம் மரபு சொல்வது யாரிடம்? வாழ்ந்த வாழ்வை நினைத்துக் குற்றவுணர்வு தாளாமல் திருவண்ணாமலைக் கோபுரத்திலிருந்து விழுந்த அருணகிரிநாதரிடம். தகுதி தேடிக்கொண்டு வா என்று அவரைத் திருப்பி அனுப்பவில்லை; தாங்கிப் பிடித்த பிறகுதான் அந்தச் சொல் வந்தது.

தங்கையிடம் இன்றிரவே பேசுங்கள். மாத்திரை விவரத்தை ஒரு தாளில் எழுதிக் கொடுத்தால் போதும். ஆனால் இடம் மாறினால் மறதி நோயாளிகளின் குழப்பம் கூடுவது உண்டு என்பதால், முடிந்தால் தங்கையை மும்பைக்கு வந்து தங்கச் சொல்லுங்கள். படபடப்பை உங்கள் மருத்துவரிடம் ஒருமுறை சொல்லிவிடுங்கள். அல்சைமர் போன்ற மறதி நோய் உள்ளவர்களுக்காகவும் அவர்களின் குடும்பங்களுக்காகவும் 1992 முதல் இயங்கும் இந்தியச் சங்கத்துக்கு மும்பையில் கிளை உண்டு. உங்களைப் போன்ற மகள்களை அங்கே சந்திக்கலாம். கணவர் வைக்கும் கஞ்சி இனியும் தண்ணீராகத்தான் இருக்கும், அம்மா அதைக் குடிக்கட்டும்.

அடுத்த செவ்வாய்க்கிழமை கோயிலுக்குப் போங்கள். வழியில் உட்கார்ந்து உட்கார்ந்து ஏறினாலும் சரி. பாராயணம் எதுவும் வேண்டாம்; அந்த இரவு மூன்று மணிக்குத் தோன்றியதைச் சொல் மாற்றாமல் முருகனிடம் சொல்லிவிட்டு, சற்று நேரம் அங்கேயே உட்கார்ந்திருந்துவிட்டு இறங்குங்கள்.