நேட்டாலுக்குப் போன முனுசாமி

அன்புள்ள ஐயா,

எங்கள் கொள்ளுத்தாத்தாவின் அண்ணன் முனுசாமி, தென்னாப்பிரிக்காவில் உள்ள நேட்டாலுக்குக் கப்பலேறிப் போய்த் திரும்பவே இல்லை என்று பாட்டி சொல்வார். எந்த வருஷம் என்று தெரியாது. எங்கள் ஊர் குடியாத்தம் பக்கம். இணையத்தில் வம்சாவளி தேடும் தளங்களில் பெயரைப் போட்டால் முனுசாமிகள் வந்து குவிகிறார்கள். இல்லாவிட்டால் குடும்பப் பெயர் என்ன என்று கேட்கிறது. அப்படி ஒன்று நமக்கு ஏது? எங்கிருந்து தொடங்குவது?

கே., குடியாத்தம்

அன்புள்ள கே.,

உங்கள் பாட்டிக்கு நீங்கள் நன்றி சொல்ல வேண்டும். பல வீடுகளில் ‘அக்கரைக்குப் போனார்’ என்பதோடு கதை முடிந்துவிடும். அது பர்மாவா, மலேயாவா, மொரீஷியஸா என்று கண்டுபிடிப்பதற்குள் ஆளுக்குத் தேடும் ஆசையே போய்விடும். உங்களுக்கு நேட்டால் என்று தெளிவாகத் தெரிகிறது.

சென்னையிலிருந்து கிளம்பிய ட்ரூரோ என்ற கப்பல் 1860 நவம்பர் 16 அன்று டர்பனில் கரைசேர்ந்தது. அதிலிருந்து 1911 வரை ஒப்பந்தக் கூலிகளாக ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் நேட்டாலுக்குப் போனார்கள். இறங்கிய ஒவ்வொருவருக்கும் ஓர் எண் கொடுத்துப் பதிவேட்டில் எழுதினார்கள்: பெயர், தகப்பன் பெயர், வயது, சாதி, ஜில்லா, தாலுகா, கிராமம், உயரம், உடம்பில் உள்ள தழும்பு. கரும்புத் தோட்ட முதலாளிக்கு ஆளை அடையாளம் காட்ட எழுதிய பதிவேடு அது. கொடுமைதான். ஆனால் அந்தக் காலத்தில் உள்ளூரில் இருந்த ஏழையைப் பற்றி இவ்வளவு விவரம் எழுதிவைத்த தாள் அபூர்வம்.

இந்தக் கப்பல் பட்டியல்களைக் கணினியில் ஏற்றிவிட்டார்கள். குவாசுலு-நேட்டால் பல்கலைக்கழகத்தின் காந்தி-லுதூலி ஆவண மையத்தின் பெயரைப் போட்டுத் தேடினால் வழி தெரியும். அங்கே போய் முனுசாமி என்று தட்டாதீர்கள். வட ஆற்காடு ஜில்லா, குடியாத்தம் தாலுகா என்று இடத்தை வைத்துச் சலித்துவிட்டு, அப்புறம் தகப்பன் பெயரைப் பாருங்கள். ஆளின் பெயர் கடைசியில் வரட்டும். இன்றைய மாவட்டக் கணக்கை மறந்துவிடுங்கள். 1911-இல் சித்தூர் மாவட்டம் பிரியும்வரை சித்தூர், பலமநேர் எல்லாம் வட ஆற்காட்டில்தான் இருந்தன.

தகப்பன் பெயர் தெரியாது என்பீர்கள். அதற்கு இணையம் வேண்டாம், வீட்டு டிரங்குப் பெட்டி போதும். கொள்ளுத்தாத்தா காலத்துப் பத்திரம் ஒன்று கிடைத்தால் ‘இன்னார் குமாரர் இன்னார்’ என்று எழுதியிருக்கும். அண்ணன் தம்பிக்குத் தகப்பன் ஒருவர்தானே. பதிவுத்துறைத் தளத்தில் பார்க்கும் வில்லங்கம் அவ்வளவு பின்னால் போகாது. பழைய காலத்துக்குச் சார்பதிவாளர் அலுவலகத்தில் மனுப்போட்டுத்தான் பார்க்க வேண்டும்.

எழுத்துக்கூட்டலைப் பற்றி ஒரு வார்த்தை. நம் ஆள் சொன்னது வேறு, குமாஸ்தா காதில் விழுந்தது வேறு. மூன்சாமி, முன்சமி, மூனிசாமி என்று எப்படியும் இருக்கலாம். வம்சாவளி தேடும் ஃபேமிலிசர்ச் தளத்தில் கணக்குத் தொடங்கக் காசு இல்லை. அங்கே தெரியாத எழுத்துக்குப் பதில் நட்சத்திரக் குறி போடலாம். ஆங்கில ‘எம்’ எழுத்தில் தொடங்கி, நடுவிலும் கடைசியிலும் நட்சத்திரம் போட்டுப் பாருங்கள். முதல் பெயர்ப் பெட்டியில் மட்டும் தேடி நிறுத்திவிடவும் கூடாது. தென்னாப்பிரிக்காவில் தாத்தாவின் பெயரே பேரப்பிள்ளைகளுக்குக் குடும்பப் பெயராக நிலைத்தது உண்டு. மூன்சாமி இன்று டர்பனில் சாதாரணமான குடும்பப் பெயர்.

அதே தளத்தில் நேட்டாலில் உள்ள பீட்டர்மாரிட்ஸ்பர்க் நகரத்தின், இறந்தவர்களின் சொத்துக் கோப்புகள், 1846 முதல் 1950 வரை, இருக்கின்றன. கப்பல் பட்டியலைவிட எனக்கு இவைமேல்தான் ஆசை. ஒருவர் இறந்தால் எழுதும் மரண அறிவிப்புப் படிவத்தில் பிறந்த இடம், பெற்றோர் பெயர், மனைவி, பிள்ளைகள் எல்லாவற்றுக்கும் இடம் உண்டு. முனுசாமி கையளவு நிலமாவது வாங்கியிருந்தால் அவர் பிள்ளைகளின் பெயர் இங்கே கிடைக்க வாய்ப்புண்டு. அட்டவணையில் உள்ள பெயரை மட்டும் பார்த்துவிட்டு நகராதீர்கள், மூலப் படத்தைத் திறந்து படியுங்கள்.

இரண்டு எச்சரிக்கை. தளங்கள் ‘உங்கள் உறவினராக இருக்கலாம்’ என்று நீட்டும் பிறருடைய வம்சமரங்களை ஆவணம் பார்க்காமல் ஒட்டிக்கொள்ள வேண்டாம். ஒருவர் செய்த தப்பை நூறு பேர் நகலெடுத்திருப்பார்கள். அப்புறம், சாதிப் பத்தி பொருந்தவில்லை என்று யாரையும் தள்ளிவிடாதீர்கள். கப்பலுக்குக் காத்திருந்தவர்களைத் தங்கவைத்த சென்னை டிப்போவில் சாதியை மாற்றிச் சொல்லிக் கப்பலேறியவர்கள் உண்டு. அவர்களுக்கு அதற்கு நல்ல காரணமும் இருந்தது.

தகப்பன் பெயர், கிராமம் இரண்டும் பொருந்தி, வயதும் ஐந்தாறு வருஷத்துக்குள் ஒத்துவந்தால் அவரை உங்கள் ஆளாக எடுத்துக்கொள்ளலாம். அவருடைய எண்ணை மறக்காமல் குறித்துக்கொண்டு எழுதுங்கள். அங்கே உள்ளவர்களிடம் மேற்கொண்டு விசாரிக்க அந்த எண்தான் வேண்டும்.