அந்தப் படத்தில் அவர் முகம் இல்லை

அன்புள்ள ஐயா,

போர்க்கைதிகளைப் பற்றிய உங்கள் கட்டுரையில் ‘பர்ஸ்ட் ஆஃப் ஜாய்’ என்ற புகைப்படத்தைக் குறிப்பிட்டிருந்தீர்கள். தேடி எடுத்துப் பார்த்தேன். வியட்நாமிலிருந்து திரும்பிய அப்பாவை நோக்கி ஒரு பெண் கைவிரித்து ஓடி வருகிறாள். கண் கலங்கிவிட்டது. ஆனால் அவர் மனைவி அதற்கு முன்பே பிரிய முடிவெடுத்திருந்தார் என்று படித்ததும் மனம் கசந்துபோனது. ஐந்து வருடத்துக்கும் மேல் சிறையில் கிடந்தவருக்கு இப்படிச் செய்யலாமா? முல்லைத்திணை படித்தவர்கள் நாம், இதை எப்படி ஏற்பது? அந்தப் படமே பொய்தானே?

ஒரு வாசகி, திண்டுக்கல்

அன்புள்ள சகோதரிக்கு,

படத்தை இன்னொரு தடவை பாருங்கள். 1973 மார்ச் 17, கலிபோர்னியாவின் டிராவிஸ் விமானப்படைத் தளம். எடுத்தவர் அசோசியேட்டட் பிரஸ் செய்தி நிறுவனத்தின் ஸ்லாவா வேடர். மூத்த மகளின் இரண்டு கால்களும் தரையில் இல்லை. பின்னால் தம்பி தங்கைகளும் அம்மாவும். திரும்பி வந்த அப்பா ராபர்ட் ஸ்டிர்ம் நமக்கு முதுகு காட்டி நிற்கிறார். அவர் முகமே படத்தில் இல்லை. அவர் சிரிக்கிறார் என்று நாமாகத்தான் நினைத்துக்கொள்கிறோம். மூன்று நாள் முன்பு, பிலிப்பைன்ஸின் கிளார்க் தளத்தில் இறங்கியபோதே, பிரிகிறேன் என்ற மனைவியின் கடிதம் அவர் கைக்கு வந்துவிட்டது.

1967 அக்டோபரில் வட வியட்நாமின் தலைநகர் ஹனோய்க்கு மேலே அவர் விமானம் சுட்டு வீழ்த்தப்பட்டது. அந்த மகளுக்கு அப்போது ஒன்பது வயது இருக்கும். ஓடி வருகிறவளுக்கு வயது 15.

முல்லையைச் சொன்னீர்கள். முல்லையின் காத்திருப்புக்கு ஒரு கெடு உண்டு. கார்காலம் தொடங்கும்போது வந்துவிடுவேன் என்று சொல்லிவிட்டுத்தான் தலைவன் போகிறான். கொன்றை பூத்தால் அவள் நாள் எண்ணலாம், தோழியிடம் புலம்பலாம். இந்தப் போர்க்கைதிகளின் மனைவிமாருக்குக் கெடுவும் இல்லை, புலம்பவும் வழியில்லை. கணவன் பிடிபட்டதை வெளியில் பேசாதீர்கள் என்றுதான் 1969 வரை அமெரிக்க அரசு குடும்பங்களுக்குச் சொல்லிவந்தது. சிபில் ஸ்டாக்டேல் போன்ற மனைவிமார்தான் அதை மீறி வாய் திறந்தார்கள். ஆள் உயிரோடு இருக்கிறாரா என்றே தெரியாமல் வருடக்கணக்கில் கிடந்த வீடுகளும் உண்டு. அமெரிக்கக் கடற்படை விமானி எவரெட் ஆல்வரெஸ் 1964 ஆகஸ்டில் பிடிபட்டு எட்டரை வருடம் உள்ளே இருந்தார். அவர் மனைவி விவாகரத்து வாங்கி வேறு திருமணம் செய்துகொண்ட செய்தி சிறைக்குள்ளேயே அவரை எட்டியது.

இதையெல்லாம் சொல்வதால் ஸ்டிர்மின் வலியை நான் குறைத்துப் பேசுவதாக நினைக்க வேண்டாம். அவர் பட்டது பெரிய அடி. ஊர் திரும்பி ஒரு வருடத்துக்குள் விவாகரத்து ஆகிவிட்டது. அந்த இருவருக்கும் நடுவில் நடந்ததற்கு நாம் இங்கே உட்கார்ந்து தீர்ப்பு எழுத முடியாது. எனக்குத் தெரிவது ஒன்றுதான். அந்த 1973-இல் 591 பேர் திரும்பினார்கள். பலருக்கும் அவர்கள் விட்டுவிட்டுப் போன வீடு அங்கே இல்லை. அவர்கள் இல்லாமலே நடக்கப் பழகிய வீடுதான் இருந்தது. ஐந்து வருடம் எல்லாவற்றுக்கும் அம்மாவிடமே கேட்டு வளர்ந்த பிள்ளை, அப்பா எதிரே உட்கார்ந்திருந்தாலும், வெளியே போகட்டுமா என்று அம்மா முகத்தைப் பார்த்துத்தான் கேட்கும். அதில் பிள்ளையின் குற்றமும் இல்லை, அம்மாவின் குற்றமும் இல்லை. ஆனால் அப்பாவின் கையில் இருக்கும் சோறு அப்படியே நின்றுவிடும். நம் முல்லைப் பாட்டு பெரும்பாலும் தேர் வாசலுக்கு வருவதற்குள் முடிந்துவிடுகிறது. அதற்கு அடுத்த வாரத்தைப் பாடியவர் அரிது.

படம் பொய் இல்லை, சகோதரி. அந்தப் பெண் ஓடியது சத்தியம். அம்மா முகத்தில் இருக்கும் சிரிப்பையும் பொய் என்று சொல்ல எனக்கு நா எழவில்லை. பிரிந்துபோக முடிவெடுத்தவளுக்கும், அவன் உயிரோடு வந்துவிட்டானே என்று நெஞ்சு நிறையாதா?

1974-இல் அந்தப் படத்துக்குப் புலிட்சர் பரிசு கிடைத்தது. பிள்ளைகள் நால்வரும் வளர்ந்து ஆளான பிறகு அவரவர் வீட்டுச் சுவரில் அதை மாட்டி வைத்தார்கள். ஸ்டிர்ம் தன் வீட்டில் மாட்டவில்லை.

அன்புடன்.