வயிற்றுக் கிருமிக்கும் இரத்தப் புற்றுநோய்க்கும் என்ன சம்பந்தம்?

ஹட்டனிலிருந்து ஒரு தங்கச்சி கேட்டிருக்கிறார்: அப்பாவுக்கு மைலோமா (எலும்பு மச்சையில் வரும் ஓர் இரத்தப் புற்றுநோய்), இன்னும் முற்றாத நிலை என்று மகரகமப் புற்றுநோய் ஆஸ்பத்திரியில் சொன்னார்களாம். குடல் கிருமி அதை முற்ற வைக்குமா?

சம்பந்தம் இருக்கிறது. லயத்து அடுப்பில் ஈர விறகு புகைந்துகொண்டே கிடக்கும், ஊதுகுழலால் ஊதினால் குப்பென்று பற்றும் இல்லையா? அப்பாவுடைய நிலை அந்தப் புகைச்சல்தான். அதன் ஆங்கிலப் பெயரில் வரும் ‘ஸ்மோல்டரிங்’ என்ற சொல்லுக்கு அர்த்தமும் அதுவே. ஊதுவது யார்? 2018இல் வெளிவந்த எலி ஆய்வொன்றில், பிரவோட்டெல்லா வகைக் குடல் பற்றீரியா ஒன்று டிஎச்17 என்ற நோயெதிர்ப்புக் கலங்களைப் பெருக்கியது. அவை குடலிலேயே நிற்காமல் எலும்பு மச்சைக்குப் போய் ஐஎல்-17 என்ற புரதத்தைச் சுரந்தன. அது புற்றுக் கலங்களைத் தூண்டியதோடு ஈசினோபில்கள் என்ற வெள்ளை இரத்தக் கலங்களையும் கூட்டுச் சேர்த்துக்கொண்டது. (பூச்சித் தொல்லை இருந்தால் இரத்தப் பரிசோதனையில் கூடிக் காட்டுமே, அதேதான்.) ஐஎல்-17ஐயும் ஈசினோபில்களை வளர்க்கும் ஐஎல்-5ஐயும் தடுத்தபோது எலிகளில் நோய் மெதுவானது. மச்சையில் ஐஎல்-17 அதிகமிருந்த நோயாளிகளுக்கும் நோய் சீக்கிரம் முற்றியிருந்தது.

அதற்காகத் தயிர்ச்சட்டியை மருந்தாக்க வேண்டாம். சோற்றோடு சாப்பிடட்டும், சரி. ஆனால் நல்ல கிருமி அடங்கிய புரோபயோட்டிக் மாத்திரையைச் சும்மா டவுன் பார்மசியில் வாங்கிக் கொடுக்காதீர்கள். எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்களுக்கு அந்த நல்ல கிருமியே சில சமயம் தொற்றாகிவிடும். அடுத்த முறை கிளினிக் கொப்பியோடு போகும்போது வைத்தியரிடமே கேளுங்கள்.