இறுகிப்போன பிணைச்சலுக்காக முன்கண்ணாடியின் முழுப் பிரேமையும் மாற்றாதீர்கள்

கேள்வி: ஏலத்தில் எடுத்த பழைய இராணுவ லொறி ஒன்று வைத்திருக்கிறேன். முன்கண்ணாடி வெளியே தள்ளித் திறக்கும் வகை. மேலேயுள்ள இரண்டு பிணைச்சலும் அசையவே இல்லை. பிரேமோடு மாற்றச் சொல்கிறார் ஒரு தரகர். ஒயில் விட்டால் சரிவருமா? – வாசகர், உப்புவெளி

பதில்: அநேகமாகச் சரிவரும். தரகருக்கு இன்னும் காசு கொடுத்துவிடாதீர்கள். பச்சைப் பெயின்ட் அடித்து ‘ஒரிஜினல் ஆமி சாமான்’ என்று விற்கப்படும் பிரேம்களில் பல, உங்களுடையதைவிடத் துருப்பிடித்தவை. பிணைச்சலருகே பெயின்டைச் சுரண்டிப் பாருங்கள். உள்ளே பூச்சுமா வெள்ளையாக உதிர்ந்தால் அது ஓட்டை அடைத்த பிரேம்.

முதலில் ஒரு விஷயம் பார்க்க வேண்டும். பிணைச்சல் மூட்டிலிருந்து பழுப்புக் கறை வடிந்திருக்கிறதா? இருந்தால் துரு. கறையே இல்லாமல் இடுக்கு முழுக்கப் பெயின்ட் வழவழவென்று நிரம்பியிருந்தால், அது துருவல்ல, அடுக்கடுக்காக அடித்த பெயின்ட் ஒட்டிக்கொண்டது. அதற்கு எத்தனை போத்தல் ஒயில் விட்டாலும் பயனில்லை. ஒயில் உள்ளேயே இறங்காது. மெல்லிய கத்தியால் இடுக்கைக் கீறி, பெயின்ட் கழற்றும் திரவத்தைத் தூரிகையால் வைத்து, ஊறியதும் சுரண்டுங்கள். பழைய பெயின்டில் ஈயம் இருக்கலாம். காய்ந்தபடி தேய்க்காமல் ஈரத்தாளால் தேயுங்கள், முகக்கவசம் போடுங்கள். பெயின்ட் போனதும் பல பிணைச்சல்கள் கையாலேயே அசையும்.

துருவென்றால் பொறுமை வேண்டும். துரு, தான் தின்ற இரும்பைவிடப் பல மடங்கு இடம் பிடிக்கும். பிணைச்சலின் நடுவே போகும் ஊசியை அதன் குழலுக்குள் இறுக்குவது அதுதான். கண்ணாடியைக் கழற்றி வையுங்கள். கழற்றாமல் முறுக்கினால் பிரேம் கோணும், கண்ணாடி வெடிக்கும். ஒட்டோமெட்டிக் கியர் வாகனத்துக்கு விடும் கியர் ஒயிலும் (ATF) அசிட்டோனும் சம அளவில் கலந்து, குலுக்கி, குழலுக்குப் பத்துச் சொட்டு வீதம் காலையும் இரவும் மூன்று நாள் விடுங்கள். ஒவ்வொரு முறையும் சிறு சுத்தியலால் மெல்லத் தட்டுங்கள். அதிர்வில்தான் ஒயில் இறங்கும். பிறகு ஓரிரு மில்லிமீற்றர் முன்னும் பின்னும் அசைத்துப் பாருங்கள். பழுப்பு நீர் வந்தால் துடைத்து மறுபடி விடுங்கள். அசிட்டோன் தீப்பற்றும், றப்பரையும் பெயின்டையும் கெடுக்கும். இந்தக் கலவை விட்ட பிணைச்சலில் காஸ் நெருப்பு வைக்கச் சொல்பவர் பேச்சைக் கேட்காதீர்கள்.

அதற்கும் அசையாவிட்டால் ஊசியைத் தட்டி எடுங்கள். தலை இல்லாத பக்கத்திலிருந்து, ஊசியைவிடச் சற்று மெல்லிய இரும்புப் பஞ்ச் (தட்டுக்கம்பி) வைத்து, எதிர்ப்பக்கம் கனமான இரும்பைத் தாங்கி வைத்துத் தட்ட வேண்டும். புது ஊசியை லேத் பட்டறையில் கடையலாம். பழைய ஊசியின் தேயாத பகுதியை வேர்னியர் அளவுகோலில் அளந்து கொடுங்கள். இதற்காகக் கொழும்புப் பஞ்சிகாவத்தை உதிரிப்பாகக் கடைகளுக்குப் பஸ் ஏற வேண்டியதில்லை. வாகனத்தை ஏலம் போடுபவர்கள் பாகக் கையேட்டின் ஒரு பிரதியையாவது கூடக் கொடுத்தால், இந்த அளவுகளுக்காக மக்கள் தரகர் காலில் விழ வேண்டியிராது. இத்தனை வருடமாகியும் அந்தச் சின்னக் காரியம் நடக்கவில்லை.

கடைசியாகக் கிறீஸ். சாதாரண ஒயில் ஸ்பிரே ஈரத்தை விரட்டும், ஆனால் நிலைக்காது. கழிவு ஒயில் மணலைப் பிடித்து அரைக்கும். வள்ளக்காரர் அவுட்போர்ட் மோட்டருக்குப் போடும் நீர்படாக் கிறீஸ் திருகோணமலையில் கிடைக்கும். ஊசியில் மெல்லப் பூசி, வெளியே வழிந்ததைத் துடைத்துவிடுங்கள். ஐப்பசியில் மழை பிடிக்குமுன் ஒரு தடவையும், மாரி முடிந்தபின் ஒரு தடவையும் கண்ணாடியை முழுதாகத் திறந்து மூடுங்கள்.