அதிகம் பேசப்படாத பழைய ஆர்க்கேட் (நாணயம் போட்டு ஆடும் இயந்திர) விளையாட்டுகளில், இன்று ஆடிப் பார்க்கும்போதும் உங்களை வியக்க வைத்தது எது?

1984-ஆம் ஆண்டு அடாரி நிறுவனம் வெளியிட்ட ‘ஐ, ரோபோட்’ என்பதே என் பதில். கணினி வரைகலையின் வரலாற்றில் ஆர்வம் உள்ளவர்கள் இதன் பெயரையாவது கேள்விப்பட்டிருப்பார்கள். நிறம் நிரப்பிய பலகோணங்களால் முப்பரிமாண உலகைக் காட்டிய முதல் வணிக ஆர்க்கேட் விளையாட்டு என்று ஒரு வரியில் சொல்லிவிட்டு அடுத்ததற்குப் போய்விடுவதே வழக்கம். நானும் நெடுங்காலம் இதை அந்த ஒரு வரியின் வழியாகவே அறிந்திருந்தேன். அடாரியின் ஐம்பதாண்டு நிறைவையொட்டி 2022-இல் வந்த ‘அடாரி 50’ தொகுப்பில் இது இடம்பெற்றிருந்ததால்தான் உட்கார்ந்து முறையாக ஆடிப் பார்க்க வாய்த்தது. ஆடிய பிறகு எனக்குத் தோன்றியது இது: ‘முதல் பலகோண விளையாட்டு’ என்ற பட்டமே இதன் உண்மையான சிறப்பைப் பிறர் கண்ணில் படாமல் செய்துவிட்டது.

ஆட்டத்தின் அடிப்படையைச் சொல்லிவிடுகிறேன். நீங்கள் 1984 என்ற எண்ணைத் தாங்கிய ஓர் எந்திர மனிதன். எல்லோரையும் கண்காணிக்கும் ‘பிக் பிரதர்’ என்ற ஆட்சியாளனுக்கு எதிராகக் கிளம்பியிருக்கிறீர்கள். விண்வெளியில் மிதக்கும் கட்டங்களின் மீது நடந்து, சிவப்பாக இருப்பவற்றை எல்லாம் நீலமாக மாற்ற வேண்டும். அப்படி மாற்ற மாற்ற, கோடியில் வீற்றிருக்கும் ஒரு பெரிய கண்ணைச் சூழ்ந்த கவசம் சிறிது சிறிதாகக் கரைகிறது. முழுவதும் கரைந்தபின் அதன் மீது பாய்ந்து அதை அழிக்கலாம். இந்த அளவோடு நின்றிருந்தால், கட்டங்களுக்கு நிறம் மாற்றும் எத்தனையோ விளையாட்டுகளில் இதுவும் ஒன்றாகப் போயிருக்கும். ஆனால் அந்த உலகில் ஒரு சட்டம் உண்டு: தாவக் கூடாது. கண் திறந்து சிவந்திருக்கும் நேரத்தில் நீங்கள் தாவியபடி அந்தரத்தில் இருந்தால், மறுகணமே சுட்டெரிக்கப்படுவீர்கள்.

இந்த ஒரு சட்டம் செய்யும் வேலை அபாரமானது. தாவுவதற்கென்று தனிப் பொத்தான் கிடையாது. விளிம்பில் நின்று இடைவெளியின் மறுபக்கத்தை நோக்கி ஜாய்ஸ்டிக்கைத் தள்ளினால் ரோபோ தானாகவே தாவும். ஆகவே ஒவ்வோர் இடைவெளியின் முன்னும் கையை அடக்கிக்கொண்டு நிற்கும் கட்டாயம் ஏற்படுகிறது. வேகத்தையே பெருமையாகக் கருதிய அந்தக் காலத்து ஆர்க்கேட் விளையாட்டுகளில் நிற்பது என்பது பெரும்பாலும் தோல்விக்கான வழி. இங்கோ நிற்கத் தெரியாதவனே முதலில் அழிகிறான். அதே நேரத்தில் பறவைகளும் உருளும் பந்துகளும் நின்ற இடத்திலேயே உங்களைத் தேடி வருவதால், காத்திருக்கவும் முடியாமல் கிளம்பவும் முடியாமல் ஒரு தவிப்பு உண்டாகிறது. கண் இமை மூடத் தொடங்கும் அந்த நொடியைக் கணித்துப் பாய்வதில் கிடைக்கும் நிறைவு, எதிரியைச் சுட்டு வீழ்த்துவதில் எனக்குக் கிடைத்ததே இல்லை.

இதற்கு அடுத்தபடியாக நான் வியந்தது கேமராவை. இரண்டு பொத்தான்களால் பார்வைக் கோணத்தை எந்த நேரத்திலும் மாற்றிக்கொள்ளலாம்: தலைக்கு மேலிருந்து முழுக் களத்தையும் வரைபடம்போல் பார்க்கலாம், அல்லது ரோபோவின் முதுகுக்குப் பின்னால் தாழ்ந்து வந்து பார்க்கலாம். இன்றைக்கு இது மிகச் சாதாரணமான வசதியாகத் தெரியும். ஆனால் இதை வடிவமைத்தவர்கள் வசதி என்ற அளவில் விட்டுவிடாமல், கேமரா எவ்வளவு தாழ்கிறதோ அவ்வளவுக்குப் புள்ளிகள் பெருகும் என்று விதித்தார்கள். தாழ்ந்த கோணத்தில் முன்னால் உள்ள சுவர் பின்னால் உள்ளதை மறைக்கும், இடைவெளியின் தூரம் கண்ணுக்குப் பிடிபடாது. அந்த ஆபத்தை ஏற்பவருக்கே அதிக ஸ்கோர். போதாதற்கு, ரோபோவை விட்டுவிட்டுப் பார்ப்பவரையே குறிவைத்துத் திரையை நோக்கிப் பறந்து வரும் எதிரியும் உண்டு. கோணத்தை மாற்றித்தான் அதனிடமிருந்து தப்ப வேண்டும். கேமராவையும் ஆட்டக்காரனின் உடலாகக் கருதிய இந்தக் குறும்பான எண்ணத்தை, பின்னால் வந்த முப்பரிமாண விளையாட்டுகள் இன்னும் கொஞ்சம் கடன் வாங்கியிருக்கலாம்.

இதை உருவாக்கிய டேவ் தியூரர், ‘மிஸைல் கமாண்ட்’ (1980), ‘டெம்பெஸ்ட்’ (1981) என்ற இரு பெரும் வெற்றிகளைத் தந்தவர். ‘பேட்டில்ஸோன்’ (1980), ‘ஸ்டார் வார்ஸ்’ (1983) போன்ற அடாரியின் முந்தைய முப்பரிமாண முயற்சிகள் வெக்டர் திரையில் வெறும் கோடுகளால் உருவங்களை வரைந்தன. அவற்றின் பரப்புகளை நிறத்தால் நிரப்பிக் காட்டுவது அன்றைய 8-பிட் செயலிக்குத் தனியாகச் சாத்தியமில்லாத வேலை. ஆகவே மோட்டோரோலா 6809 என்ற அந்தச் செயலிக்குத் துணையாக, கணக்குப் போடுவதற்கென்றே தனிச் சுற்றமைப்பு ஒன்று சேர்க்கப்பட்டது. நிழல்படிந்த பலகோணங்களை ஆர்க்கேட் உலகம் மீண்டும் பெரிய அளவில் கண்டது நாம்கோவின் ‘வின்னிங் ரன்’ (1988), அடாரியின் ‘ஹார்ட் டிரைவின்’ (1989) ஆகியவற்றில்தான்.

அப்படியிருந்தும் இது விற்பனையில் ஏன் தோற்றது? காலமும் சரியில்லை. வீடியோ கேம் தொழிலே சரிந்துகொண்டிருந்த நேரம் அது. அடாரியின் வீட்டுச் சாதனப் பிரிவு அதே 1984 ஜூலையில் கமடோர் கணினி நிறுவனத்தை நிறுவிய ஜாக் டிராமியலுக்கு விற்கப்பட்டது. கார்ட்டூன் படம்போல் ஓடும் ‘டிராகன்ஸ் லேர்’ வகை லேசர்டிஸ்க் (வீடியோ பதிந்த வட்டு) விளையாட்டுகளை முந்தைய ஆண்டே பார்த்துவிட்ட கண்களுக்கு, வெறும் முக்கோணமும் சதுரமுமாக நின்ற இந்த உலகம் வறண்டு தெரிந்திருக்கக்கூடும். ஆனால் முதன்மையான காரணம் தாவக் கூடாது என்ற அந்தச் சட்டமே என்று நினைக்கிறேன். நாணயம் போட்டவர் சில நொடிகளில் ஏன் எரிந்தோம் என்று புரியாமல் எரிந்தால், இரண்டாவது நாணயம் போட மாட்டார். தயாரிக்கப்பட்ட இயந்திரங்களே குறைவு. விற்காதவை கடலில் தள்ளப்பட்டன என்றொரு கதை சேகரிப்பாளர்களிடையே உலவுகிறது, அது இதுவரை நிரூபிக்கப்பட்டதில்லை.

குறையே இல்லை என்று சொல்ல மாட்டேன். ஒரு நிலைக்கும் அடுத்த நிலைக்கும் இடையில் விண்வெளியில் பறந்து சுடும் பகுதி எனக்குச் சலிப்பாகவே இருந்தது. பறந்து வருபவை எவ்வளவு தொலைவில் உள்ளன என்று அந்த எளிய உருவங்களை வைத்து ஊகிப்பது கடினம். ஆணிகளை எய்யும் ராட்சதத் தலை ஒன்று எதிர்ப்படும் இடம் மட்டும் விதிவிலக்கு. அதே இயந்திரத்தில் ‘டூடுல் சிட்டி’ என்றொரு தேர்வும் உண்டு: வெற்றி தோல்வி எதுவுமின்றி, விளையாட்டில் வரும் உருவங்களைத் திரையில் இழுத்தும் சுழற்றியும் கோலம் போடலாம். 3 நிமிடம் வரை அனுமதி. இடையில் மனம் மாறி ஆட்டத்துக்குப் போனால், வரைவதில் செலவிட்ட நேரத்துக்கேற்ப உயிர்கள் குறைந்திருக்கும். ஓர் ஆர்க்கேட் இயந்திரம் வாடிக்கையாளரைச் சும்மா கிறுக்கிப் பொழுதுபோக்கச் சொன்னது வியாபாரக் கண்ணோட்டத்தில் பைத்தியக்காரத்தனம்தான். அதனாலேயே எனக்குப் பிடித்திருக்கிறது.

இப்போது ஆடிப் பார்க்க விரும்புபவர்கள் விசைப்பலகையைத் தவிர்த்துவிடுங்கள். மூல இயந்திரத்தில் காந்தப்புல மாற்றத்தை உணர்ந்து இயங்கும் ஹால் விளைவு ஜாய்ஸ்டிக் இருந்தது. நகர்வை நுணுக்கமாக அளக்கும் அனலாக் ஸ்டிக் கொண்ட கட்டுப்படுத்தியில்தான் விளிம்பில் நிற்கும் அடக்கம் கைவரும். கேமராவுக்கான இரண்டு பொத்தான்களைக் கட்டைவிரலுக்கோ தோள் விசைகளுக்கோ அருகில் அமைத்துக்கொண்டு, தொடக்கத்தில் மேலிருந்தே பார்த்து ஆடுங்கள். கண்ணின் தாளம் பழகிய பிறகு கோணத்தைத் தாழ்த்தலாம். விளையாட்டு வடிவமைப்பாளர் ஜெஃப் மின்டரின் லாமாசாஃப்ட் நிறுவனம் 2025-இல் வெளியிட்ட மறுவடிவம் ஒன்றும் இருக்கிறது. அதன் வண்ண வெள்ளத்தில் நுழைவதற்கு முன், மூலத்தின் முதல் சில நிலைகளையாவது கடந்துவிட்டுப் போவது நல்லது. எந்தச் சட்டத்தின் மேல் அந்த வாணவேடிக்கை கட்டப்பட்டிருக்கிறது என்பது அப்போதுதான் தெளிவாகத் தெரியும்.