பேட்டரியை மாற்றும் முன் மீட்டரை எடுங்கள்

வாசகர் கேள்வி - பதில்

இந்த முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை காலையில் பைக் ஸ்டார்ட் ஆகவில்லை என்ற புலம்பல்தான், அதனால் பகுதி முழுவதையும் அதற்கே ஒதுக்கிவிட்டேன்.

ஜோகூர் பாருவில் தங்கி, கடற்பாலம் வழியாகத் தினமும் சிங்கப்பூருக்கு வேலைக்கு வருகிறேன். 150 சிசி பைக். ஒரு வருடத்துக்குள் இரண்டு பேட்டரி மாற்றியாகிவிட்டது, இப்போது மூன்றாவதும் காலையில் முனகுகிறது. மறுபடி மாற்றச் சொல்கிறார் மெக்கானிக். மாற்றலாமா?

வேண்டாம். நான்காவது பேட்டரிக்குக் காசு எடுத்து வைக்கும் முன் சிம் லிம் டவர் பக்கம் போய் வோல்ட் அளக்கும் ஒரு சாதாரண டிஜிட்டல் மல்டிமீட்டர் வாங்குங்கள். வரிசையாக இரண்டு பேட்டரி போனால் குற்றம் பெரும்பாலும் பேட்டரியுடையது அல்ல. அதற்குச் சார்ஜ் போய்ச் சேரவில்லை, அல்லது அளவுக்கு மீறிப் போகிறது, அல்லது வண்டி நிற்கும்போது ஏதோ ஒன்று அதைக் குடிக்கிறது. எது என்பதை மூன்று அளவுகள் சொல்லிவிடும்.

இரவு முழுக்க நின்ற வண்டியில், சாவி போடாமல், பேட்டரியின் இரண்டு முனைகளிலும் வைத்துப் பாருங்கள். 12.6 முதல் 12.8 வோல்ட் இருந்தால் நிறைந்திருக்கிறது, 12.0 என்றால் கிட்டத்தட்ட காலி. எவ்வளவு சார்ஜ் போட்டாலும் 10.5-ஐ ஒட்டியே நிற்கிறது என்றால் உள்ளே இருக்கும் ஆறு செல்களில் ஒன்று செத்துவிட்டது, அதற்கு மருந்து கிடையாது. அப்புறம் மீட்டர் அப்படியே இருக்க, செல்ஃப் பட்டனை அழுத்துங்கள். 10 வோல்ட்டுக்குக் கீழே விழாமல் தாங்கினால் நல்லது. சும்மா இருக்கும்போது 12.7 காட்டிவிட்டு, அழுத்தியதும் 7, 8 என்று சரிந்தால் அந்தப் பேட்டரிக்கு வோல்ட் இருக்கிறது, தெம்பு இல்லை. மூன்றாவதைத்தான் பலரும் பார்ப்பதே இல்லை: எஞ்சின் ஓடும்போது, 4,000 - 5,000 ஆர்பிஎம்மில், 13.5 முதல் 14.5 வரை வர வேண்டும். 12.5-லேயே அசையாமல் நின்றால் சார்ஜ் வரவில்லை. 15-ஐத் தாண்டினால், சார்ஜை அளவோடு வைக்க வேண்டிய ரெகுலேட்டர் கட்டுப்படுத்துவதை விட்டுவிட்டது, அது பேட்டரியை வேகவைத்துக் கொண்டிருக்கிறது. அப்படி வெந்த பேட்டரியைக் கழற்றிப் பார்த்தால் பக்கங்கள் உப்பியிருக்கும்.

சார்ஜ் வரவில்லையா, சீட்டுக்குக் கீழேயோ பக்க மூடிக்குள்ளேயோ ரெகுலேட்டரைத் தேடி அதில் செருகியிருக்கும் சாக்கெட்டைக் கழற்றிப் பாருங்கள். வெள்ளை பிளாஸ்டிக் பழுப்பேறி, ஒரு பின்னைச் சுற்றி மட்டும் உருகியிருந்தால் பாதி விடை அங்கேயே இருக்கிறது, ஏனென்றால் நம் ஊர் மழையும் ஈரமும் அந்தப் பின்னில் பச்சை பிடிக்க வைக்கும், பச்சை பிடித்த இடம் சூடாகும், சூடானது உருகும். அங்கே சுத்தமாக இருந்தால் எஞ்சினிலிருந்து வரும் மூன்று ஒயர்களை (பல வண்டிகளில் மூன்றும் மஞ்சள்) கழற்றிவிட்டு, எஞ்சினை ஓட்டியபடி இரண்டிரண்டாக ஏசி (மாறுமின்) வோல்ட் அளக்க வேண்டும். மூன்று ஜோடியும் ஒரே அளவாக வந்தால் ஸ்டேட்டர் (எஞ்சினுக்குள் மின்சாரம் உண்டாக்கும் சுருள்) சரி, ஏதாவது ஒரு ஜோடி குறைந்தாலும் ஸ்டேட்டர் போய்விட்டது.

உங்கள் விஷயத்தில் இன்னொன்றும் கேட்க வேண்டும். கடற்பாலத்தில் நெரிசலில் நிற்கும்போது எஞ்சினை எப்படி அணைக்கிறீர்கள்? கைப்பிடியில் இருக்கும் சிவப்பு கில் சுவிட்சை மட்டும் தட்டிவிட்டுச் சாவியை அப்படியே விடுபவர்கள் நிறைய பேர். பல பைக்குகளில் அப்போதும் முன்விளக்கு எரிந்துகொண்டே இருக்கும். 35 வாட் பல்ப் என்றால் கிட்டத்தட்ட 3 ஆம்பியர். 5 ஆம்பியர்-அவர் (ஒரு மணி நேரம் 5 ஆம்பியர் கொடுக்கும் அளவு) பேட்டரியில் அரை மணி நேரத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு போய்விடும். இதற்கு மேல், இரண்டு மீட்டர் நகர ஒருமுறை செல்ஃப், மறுபடி அணைப்பு, மறுபடி செல்ஃப். ஐடிலிங்கில், அதாவது வண்டி நகராமல் எஞ்சின் மட்டும் ஓடும்போது, வரும் சொற்பச் சார்ஜ் இந்தக் கணக்கை ஈடுகட்டாது. சாவியையே திருப்பி அணையுங்கள், இரண்டு மீட்டர் நகரக் காலால் தள்ளுங்கள்.

செல்ஃப் அழுத்தினால் 'டிக் டிக் டிக்' என்று சத்தம் மட்டும் வருகிறது. ஸ்டார்ட்டர் மோட்டார் போய்விட்டதா? (ஈசூன் வாசகர்)

படபடவென்று தொடர்ச்சியாக வந்தால் மோட்டாரைத் தொடாதீர்கள், பேட்டரி பலவீனமாக இருக்கிறது அல்லது முனை தளர்ந்திருக்கிறது. முதலில் நெகட்டிவ் ஸ்க்ரூவை விரலால் திருகிப் பாருங்கள், விரலுக்கே அது சுற்றினால் அதுதான் கோளாறு. வெள்ளையாகப் பூத்திருந்தால் கழற்றி, கம்பி பிரஷ்ஷால் தேய்த்து, இறுக்கிப் பூட்டுங்கள். கழற்றும்போது நெகட்டிவ் முதலில், பூட்டும்போது பாசிட்டிவ் முதலில். ஸ்பேனர் தவறி ஃபிரேமில் பட்டால் தீப்பொறி பறக்காமல் இருக்க இந்த வரிசை.

அழுத்தினால் ஒரே ஒரு 'டக்', அதற்குப் பிறகு அமைதி, பேட்டரியும் நன்றாக இருக்கிறது என்றால்தான் ரிலே (மோட்டாருக்கு மின்சாரத்தைத் திறந்துவிடும் சுவிட்ச்), மோட்டார் பக்கம் பார்க்க வேண்டும். சத்தமே இல்லை என்றால் கில் சுவிட்ச், கிளட்ச் சுவிட்ச், சைடு ஸ்டாண்ட் சுவிட்ச், ஃபியூஸ். இதெல்லாம் காசில்லாமல் பார்க்கக்கூடியவை, வொர்க்‌ஷாப்புக்கு வேன் கூப்பிடும் முன் பார்த்துவிடுங்கள்.

என் மகன் தேசிய சேவையில் இருக்கிறான். அவனுடைய பைக் எங்கள் புளோக்கின் கார் நிறுத்துமிடத்தில் நிற்கிறது. பேட்டரி இறங்கக் கூடாது என்று தினமும் கீழே போய் ஐந்து நிமிடம் எஞ்சினை ஓடவிடுகிறேன். சரிதானே? (தெம்பனிஸ் வாசகி)

அக்கா, உங்கள் அக்கறை புரிகிறது, ஆனால் இதனால் பேட்டரிக்குக் கெடுதல்தான். ஸ்டார்ட் செய்ய எடுத்த சார்ஜை ஐந்து நிமிட ஐடிலிங் முழுதாகத் திருப்பிக் கொடுக்காது, அதனால் தினமும் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்துகொண்டே வரும். போதாக்குறைக்கு, நின்ற இடத்தில் எஞ்சினை ஓடவிடுவது சிங்கப்பூரில் குற்றம், அபராதம் உண்டு.

மகன் வார இறுதியில் வரும்போது அரை மணி நேரமாவது தீவு விரைவுச்சாலையில் ஒரு சுற்று ஓட்டட்டும், அது போதும். பல வாரம் வரமாட்டான் என்றால் நெகட்டிவ் ஒயரைக் கழற்றி வைத்துவிட்டுப் போகச் சொல்லுங்கள். அலாரம், கேமரா, போன் சார்ஜர் என்று எதையெல்லாம் பேட்டரியில் நேரடியாகக் கோத்திருக்கிறானோ அதெல்லாம் உறிஞ்சுவது நின்றுவிடும். பேட்டரியைக் கழற்றி வீட்டுக்கு எடுத்து வந்தும் சார்ஜ் போடலாம், காற்றோட்டமான இடத்தில். 5 ஆம்பியர்-அவர் பேட்டரிக்கு 0.5 ஆம்பியர் சார்ஜர் சரி, கார் சார்ஜரை மாட்டாதீர்கள். லித்தியம் பேட்டரி என்றால் அதற்குரிய சார்ஜர் மட்டுமே. திரும்பப் பூட்டியதும், சாலைக்குப் போகும் முன் ஈஆர்பி (சாலைக் கட்டண) கருவி உயிர் பெற்றிருக்கிறதா என்று மகன் பார்த்துக்கொள்ளட்டும்.

பேட்டரி இறங்கிய ஸ்கூட்டரைத் தள்ளி ஸ்டார்ட் செய்யலாமா?

முடியாது. கியர் பைக் போலப் பின்சக்கரம் எஞ்சினைச் சுற்றாது, பெல்ட் வண்டி. கியர் பைக்கிலும் ஃபியூயல் இன்ஜெக்‌ஷன் இருந்தால் பம்ப்புக்கும் கம்ப்யூட்டருக்கும் கொஞ்சமாவது மின்சாரம் வேண்டும். அடியோடு காலியான பேட்டரியோடு எத்தனை பேர் தள்ளினாலும் வியர்வைதான் மிச்சம்.

நண்பரின் கார் பேட்டரியிலிருந்து கேபிள் மாட்டி ஜம்ப் கொடுத்தால் பைக் எரிந்துவிடும் என்கிறார்கள். உண்மையா? (ஜூரோங் வாசகர்)

இரண்டும் 12 வோல்ட், முறையாகச் செய்தால் எரியாது. கார் எஞ்சின் அணைந்தே இருக்க வேண்டும், அதுதான் முக்கியம். கார் பேட்டரி மட்டுமே பைக்குக்குத் தாராளம். சிவப்பு கேபிளை முதலில் பைக்கின் பாசிட்டிவில், அதன் மறுமுனையைக் காரின் பாசிட்டிவில் மாட்டுங்கள். கறுப்பைக் காரின் நெகட்டிவில் மாட்டிவிட்டு, கடைசி முனையைப் பைக் பேட்டரியில் மாட்டாமல், சற்றுத் தள்ளி எஞ்சினின் பெயின்ட் இல்லாத உலோகத்தில் கடிக்க விடுங்கள், ஏனென்றால் கடைசி முனையில்தான் பொறி வரும், பேட்டரியைச் சுற்றி ஹைட்ரஜன் வாயு இருக்கலாம். ஸ்டார்ட் ஆனதும் அதே கறுப்பு முனையை முதலில் எடுங்கள். பேட்டரி உப்பியிருந்தாலோ, வெடிப்போ கசிவோ தெரிந்தாலோ கேபிளை மாட்டவே வேண்டாம். அந்தப் பேட்டரியைக் குப்பைத் தொட்டியிலும் போடாதீர்கள், உள்ளே ஈயமும் அமிலமும் இருக்கின்றன. புதியது வாங்கும் கடையிலேயே பழையதைக் கொடுத்துவிடுங்கள்.