பழைய காரை உயர்த்துவது: கேள்வி பதில்

வெள்ளவத்தை வாசகர்: என் பழைய கொரோலா 110இல் நாலு பேர் ஏறினால் ரோட்டு ஹம்புக்கு (வேகத்தடைக்கு) ஹம்பு காரின் அடி தட்டுகிறது. குறைந்த செலவில் உயர்த்த வழி சொல்லுங்கள் அண்ணா.

தம்பி, முதலில் கார் எவ்வளவு இறங்கிப்போயிருக்கிறது என்று பாருங்கள். சமதரையில் நிறுத்தி, சக்கரத்தின் நடுவிலிருந்து நேர் மேலே மட்காட் விளிம்பு வரை டேப் பிடித்து நாலு சக்கரத்துக்கும் அளந்து எழுதுங்கள். இடம் வலம் வித்தியாசம் தெரிந்தால், பெரும்பாலும் ஸ்பிரிங் தளர்ந்துவிட்டது. கொழும்பு பஞ்சிகாவத்தை உதிரிப்பாகக் கடைகளில் அதே மொடல் ஸ்பிரிங் சோடியாக எடுங்கள். பழைய சாமான் என்றால் கடையிலேயே இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் நிமிர்த்தி வைத்து உயரம் பாருங்கள், வெட்கப்பட வேண்டாம். ஸ்பிரிங்கின் மேல்பக்கம் பொடியோடு சேரும் இடத்திலுள்ள மேல் மவுன்ட் ரப்பரையும் சேர்த்து மாற்றினால் போன உயரத்தில் பெரும்பகுதி திரும்பி வரும். பலருக்கு அதற்கு மேல் ஒன்றுமே தேவைப்படாது.

தெஹிவளை வாசகர்: புது ஷொக் (ஷொக் அப்சோர்பர்) போட்டால் உயருமா?

சாதாரண ஒயில் ஷொக் என்றால் உயராது. பாரத்தைத் தாங்குவது ஸ்பிரிங்.

கொட்டாஞ்சேனை வாசகர்: ஸ்பிரிங் சுற்றுகளுக்கு நடுவே ரப்பர் திணித்தால் போதும் என்கிறார் கராஜ் பாஸ். செய்யலாமா?

எனக்குப் பிடிக்காத வேலை அது. ரப்பர் இருக்கும் இடத்தில் ஸ்பிரிங் அசையாது, மற்றச் சுற்றுகள்தான் முழு அடியையும் வாங்கும், ஓட்டமும் முரடாகும், நாளடைவில் ஸ்பிரிங் உடையவும் கூடும். அதைவிட மேல் மவுன்டுக்கும் பொடிக்கும் நடுவே 20, 25 மில்லிமீற்றர் ஸ்பேசர் (இடைக்கட்டை) நல்லது. அதற்கு மேல் ஆசைப்பட்டால் சக்கரத்தைச் சுழற்றும் டிரைவ் ஷாஃப்ட் சரிந்து வேலை செய்யும், அதன் மூட்டை மூடியிருக்கும் ரப்பர் பூட் கிழியும், அப்புறம் முழுவதும் ஒடித்துத் திருப்பும்போது டக் டக் சத்தம். போட்டு முடிந்ததும் சக்கரத்தைத் தொங்கவிட்டு, ஸ்டியரிங்கை இரு பக்கமும் ஒடித்து, பிரேக் ஹோஸ் இழுபடுகிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். சக்கர அலைன்மென்ட் கட்டாயம், இல்லாவிட்டால் மிச்சம் பிடித்த காசை டயர் தின்றுவிடும். ஹெட்லைட் வெளிச்சத்தையும் கொஞ்சம் கீழே இறக்கி வையுங்கள்.

வத்தளை வாசகர்: டொல்பின் வானை (பழைய டொயோட்டா ஹயஸ்) எப்படி உயர்த்துவது?

முன்பக்கம் டோர்ஷன் பார்தானே (முறுக்கி ஸ்பிரிங் போல வேலை செய்யும் கம்பி), அதன் போல்ட்டைத் திருகினாலே உயரும், சாமான் செலவே இல்லை. பழைய இடத்தைப் பெயின்டால் குறித்துவிட்டு இரு பக்கமும் சமமாகத் திருகுங்கள். பின்பக்கம் கவனம்: சில வான்களில் பாரத்தைப் பார்த்துப் பின் பிரேக்கைக் கூட்டிக் குறைக்கும் வால்வு இருக்கும். பின்னால் உயர்த்திவிட்டு அதைச் சரிசெய்யாமல் விட்டால், வான் வெறுமையாக இருக்கிறதென்று எண்ணிப் பின் பிரேக்கைக் குறைத்துவிடும்.

கிருலப்பனை வாசகர்: உயர்த்தினால் மழை வெள்ளத்தில் ஓடலாமா?

ஓடாதீர்கள். எஞ்சின் காற்று இழுக்கும் வாய் ஒரு அங்குலம்தான் மேலே போயிருக்கும். அதற்குள் தண்ணீர் போனால் பிஸ்டனைப் பிடித்திருக்கும் கொன்ரொட் வளையும், எஞ்சினே மாற்ற வேண்டி வரும்.